பல்லைச் சுத்தம் செய்ய டாக்டர் கையெழுத்து எதற்கு?

அமெரிக்காவில் பல் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர் அங்கே அதிக நேரம் பார்ப்பது பல் டாக்டரின் முகத்தை அல்ல, டென்டல் ஹைஜீனிஸ்ட்டின் முகத்தைத்தான். தமிழ்நாட்டில் இந்தப் பெயரே பலருக்குப் புதிதாக இருக்கும். இங்கே ஸ்கேலிங் என்றால் பெரும்பாலும் டாக்டரே கருவியைக் கையில் எடுத்துவிடுவார். (இந்தியாவின் 1948ஆம் ஆண்டு பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே ஹைஜீனிஸ்ட்டுகளுக்கு என்று தனிப் பதிவேடு உண்டு. அது வேறு கதை!) அமெரிக்காவில் அப்படியில்லை. முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஹைஜீனிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து, படிந்த காரையைச் சுரண்டி எடுப்பார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே எவ்வளவு பள்ளம் விழுந்திருக்கிறது என்று ஒவ்வொரு பல்லாக அளந்து குறிப்பார். எக்ஸ்ரே எடுப்பார், பாலிஷ் போடுவார். எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் வருவார். வாயைத் திறக்கச் சொல்லி சில நிமிடம் பார்ப்பார்... போய்விடுவார்.

இப்போது கேள்வி. அந்த டாக்டர் இல்லாமலே ஒரு ஹைஜீனிஸ்ட் தனியாக ஓர் அறை எடுத்து, வாசலில் போர்டு மாட்டி, வருகிறவர்களுக்குப் பல் சுத்தம் செய்யலாமா? அல்லது ஒரு பள்ளிக்கூடத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ தானே போய் இந்த வேலையைச் செய்யலாமா? கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இதற்காக அங்கே வழக்கு, மேல்முறையீடு, சட்டசபைச் சண்டை என்று நாற்பது வருடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹைஜீனிஸ்ட் என்றால் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் அசிஸ்டென்ட், வேறு ஆள். ஹைஜீனிஸ்ட் ஆக வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் குறைந்தது இரண்டு வருடம் படிக்க வேண்டும். (அதற்கு முன் முடிக்க வேண்டிய உடற்கூறியல், நுண்ணுயிரியல் பாடங்களைச் சேர்த்தால் பலருக்கு மூன்று வருடம் ஆகிவிடுகிறது.) பிறகு தேசிய அளவில் எழுத்துத் தேர்வு, மாநில லைசென்ஸ். தப்பு செய்தால் லைசென்ஸ் போகும். இவ்வளவும் இருந்தும் எங்கே, எப்போது, யார் வாயில் கை வைக்கலாம் என்பதை முடிவு செய்வது பல மாநிலங்களில் பல் டாக்டர்தான். சில இடங்களில் டாக்டர் அதே கட்டடத்தில் இருந்தாக வேண்டும். சில இடங்களில் அவர் வெளியே போயிருக்கலாம், ஆனால் அந்த நோயாளியை முன்பே பார்த்து உத்தரவு கொடுத்திருக்க வேண்டும்.

இந்தத் தொழில் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்று ஒரு ஊர். அங்கே ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் டாக்டர். சொத்தை வந்த பிறகு பிடுங்குவதைவிட வராமல் தடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நம்பியவர். 1906-ல் தன் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற உறவுக்காரப் பெண்ணுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக் கொடுத்தார். 1913-ல் ஒரு பள்ளியே ஆரம்பித்துவிட்டார். முதல் வகுப்பில் 27 பெண்கள் படித்து முடித்தார்கள். அவர்களில் பலரும் போய்ச் சேர்ந்தது டாக்டர்களின் கிளினிக்கில் அல்ல, பிரிட்ஜ்போர்ட் நகரத்துப் பள்ளிக்கூடங்களில்! கிளினிக்குக்கு வர முடியாத பிள்ளைகளைத் தேடிப் போகத்தான் இந்த வேலையே உருவானது. ஆனால் 1915-ல் கனெக்டிகட் சட்டம் இந்தத் தொழிலை அங்கீகரித்தபோது டாக்டரின் மேற்பார்வை என்ற நிபந்தனையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. காலப்போக்கில் ஹைஜீனிஸ்ட்டுகள் பள்ளிக்கூடத்தை விட்டு கிளினிக்குக்குள் வந்துவிட்டார்கள். கிளினிக்கின் வருமானத்தில் ஒரு நல்ல பங்கு இவர்கள் நாற்காலியிலிருந்துதான் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் சேருவது என்று யோசிக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சவுத் கரோலினா மாநிலத்தில் நடந்ததை. அங்கே ஏழைப் பிள்ளைகளின் பல் நிலைமை மோசம். ஏழைகளுக்கு மெடிகெய்டு என்ற அரசுக் காப்பீடு உண்டு, ஆனால் அது கொடுக்கும் கட்டணம் குறைவு என்பதால் பல டாக்டர்கள் அந்தக் கார்டைப் பார்த்ததுமே கையை விரித்துவிடுகிறார்கள். ஹைஜீனிஸ்ட்டுகள் பள்ளிக்கே போய்ச் சுத்தம் செய்து ஃப்ளோரைடு தடவலாம், சீலன்ட் போடலாம் என்று சட்டம் இருந்தது. ஆனால் ஒரு கொக்கி. அந்தப் பிள்ளையை ஒரு பல் டாக்டர் அதற்கு முந்தைய 45 நாளுக்குள் பரிசோதித்திருக்க வேண்டும்! டாக்டரே கிடைக்காததால்தானே ஹைஜீனிஸ்ட் பள்ளிக்கு வருகிறார்? அந்தப் பிள்ளை 45 நாளுக்குள் டாக்டரைப் பார்த்திருக்க முடியும் என்றால் இந்தத் திட்டமே எதற்கு?

சீலன்ட் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதில் என்ன இழப்பு என்று புரியாது. ஆறு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவற்றின் மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருக்கும். பிரஷ் உள்ளே போகாது, சாப்பாடு போய் உட்கார்ந்துகொள்ளும். சொத்தை ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். அந்தப் பள்ளங்களை ஒரு மெல்லிய பூச்சால் அடைத்துவிடுவதுதான் சீலன்ட். ஊசி கிடையாது, துளை போடுவது கிடையாது, வலியும் கிடையாது. ஆனால் பல் முளைத்த கொஞ்ச நாளுக்குள் போட்டால்தான் முழுப் பலன். ஒரு வருடம், இரண்டு வருடம் தள்ளிப்போனால் சொத்தை முந்திக்கொள்ளும்.

2000-ல் அந்த மாநில சட்டசபை விழித்துக்கொண்டது. முன்பரிசோதனை நிபந்தனையைத் தூக்கிவிட்டது. உடனே பலன் தெரிந்தது. 2001-ன் முதல் பாதியிலேயே ஹைஜீனிஸ்ட்டுகள் பள்ளி பள்ளியாகப் போய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தார்கள், சீலன்ட் போட்டார்கள். அந்த ஜூலையில் மாநிலப் பல் மருத்துவ வாரியம் ஓர் அவசர விதிமுறை கொண்டுவந்தது. என்ன அவசரம்? பூகம்பமா, கொள்ளைநோயா? ஒன்றுமில்லை. சட்டசபை எடுத்துப் போட்ட அதே நிபந்தனையை, டாக்டர் முதலில் பார்க்க வேண்டும் என்பதை, வாரியம் திரும்ப நுழைத்தது. வாரியத்தில் பெரும்பான்மையோர் தொழில் செய்யும் பல் டாக்டர்கள். பள்ளித் திட்டம் படுத்துவிட்டது.

இதன் மீது 2003-ல் நடவடிக்கை எடுத்தது சுகாதாரத் துறை அல்ல. எஃப்.டி.சி. எனப்படும் ஃபெடரல் டிரேட் கமிஷன்! வியாபாரத்தில் போட்டியை அமுக்குகிறவர்களைப் பிடிக்கும் அமைப்பு அது. பிள்ளைகளின் பல் விஷயம் ஏன் அவர்களிடம் போனது என்று யோசித்தால் மொத்த விவாதத்தின் அடிநாதமே புரிந்துவிடும். வாரியம் பின்வாங்கவில்லை, மேல்முறையீடு செய்துகொண்டே போனது. கடைசியில் 2007-ல் சமரசம். பள்ளிகளில் ஹைஜீனிஸ்ட்டுகள் செய்யும் வேலையை ஆதரிப்பதாக வாரியமே பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்பது அந்தச் சமரசத்தில் ஒரு நிபந்தனை. 2001-ல் ஆறு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அதே 2007 பிப்ரவரியில் மேரிலாண்ட் மாநிலத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் செத்துப்போனான். சொத்தைப் பல்லில் சீழ் கட்டி, அந்தக் கிருமி மூளைக்கு ஏறிவிட்டது. பல்லைப் பிடுங்க ஆகியிருக்கக்கூடிய செலவு சுமார் 80 டாலர். மூளையில் இரண்டு அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி என்று ஆன செலவு இரண்டரை லட்சம் டாலர். மெடிகெய்டு கார்டை ஏற்கும் பல் டாக்டரைத் தேடி அந்தத் தாய் அலைந்த கதை அப்போது நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஹைஜீனிஸ்ட் பல் பிடுங்க மாட்டார், அவருக்கு அந்தப் படிப்பும் இல்லை. எனவே ஹைஜீனிஸ்ட் சட்டம் மாறியிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று சொல்வது மிகை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு வந்து வாயைத் திறந்து பார்க்கும் ஒருவர் இருந்திருந்தால், அந்தச் சொத்தை சீழாக மாறும் முன் யாராவது கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்வது மிகை அல்ல. அந்த மரணத்துக்குப் பிறகு மேரிலாண்டும், பொதுச் சுகாதாரத் துறையில் வேலை செய்யும் ஹைஜீனிஸ்ட்டுகளுக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது.

சரி, டாக்டர்கள் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஈறில் ஒரு வெள்ளைத் தழும்பு. அது வெறும் கடிபட்ட புண்ணா, புற்றுநோயின் ஆரம்பமா? எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் ஒரு நிழல். அது என்ன? இதைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்வதற்குத்தான் அவர்கள் பட்டப்படிப்புக்கு மேல் நான்கு வருடம் படிக்கிறார்கள். இதைவிடப் பலமான வாதம் இன்னொன்று உண்டு. "பல்லைச் சுத்தம் பண்ணியாச்சு, எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று ஜனங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள், டாக்டர் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்பது. மனித சுபாவம் தெரிந்தவர்கள் இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

இதற்குப் பதில் கலிஃபோர்னியாவில் கிடைத்தது. 1980களின் பிற்பாதியில் அங்கே ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. சில ஹைஜீனிஸ்ட்டுகளுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தனியாகத் தொழில் நடத்தவிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் போய் அவர்கள் கிளினிக்குகளையும் வழக்கமான டாக்டர் கிளினிக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கருவிகளைக் கிருமி நீக்குவது, ஈறு நிலையைக் குறித்து வைப்பது, நோயாளியின் உடல்நலப் பிரச்சினைகளைக் கேட்டு அதன்படி நடப்பது எதிலும் தனியாகச் செய்தவர்கள் பின்தங்கவில்லை, சிலவற்றில் முந்தியே இருந்தார்கள். வந்தவர்களை டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பவும் செய்தார்கள். பார்த்தது ஒரு கையளவு கிளினிக்குகள்தான், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. அந்தச் சோதனையை இன்னும் பெரிதாக நடத்தி முடிவு பார்த்திருக்கலாமே என்றால், நடத்த விட்டால்தானே? பல் டாக்டர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போக, 1990-ல் திட்டம் நின்றுபோனது. ஆபத்து என்று சொல்கிறவர்கள், ஆபத்தா இல்லையா என்று பார்க்கும் சோதனையையே நிறுத்துவது என்ன நியாயம்?

இன்னொரு முரண்பாடு கான்சஸ் மாநிலத்தில். அங்கே ஹைஜீனிஸ்ட்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது 1990களின் இறுதியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹைஜீனிஸ்ட் படிப்பே படிக்காத அசிஸ்டென்டுக்கு ஒரு குறுகியகாலப் பயிற்சி கொடுத்து, ஈறுக்கு மேலே உள்ள காரையைச் சுரண்டலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். டாக்டரின் கிளினிக்குக்குள், டாக்டரின் மேற்பார்வையில். ஆக, வருடக்கணக்கில் படித்தவர் தனியாகச் செய்தால் ஆபத்து, குறுகிய பயிற்சி பெற்றவர் டாக்டர் வீட்டு நாற்காலியில் செய்தால் ஆபத்தில்லை! படிப்புதான் அளவுகோல் என்றால் இந்தக் கணக்கு எங்கேயோ உதைக்கிறது. நாற்காலி யாருடையது என்பதுதான் அளவுகோல் என்றால் சரியாக வருகிறது.

டாக்டர்களை வில்லன் ஆக்குவது இங்கே நோக்கம் அல்ல. லட்சக்கணக்கில் கல்விக் கடன் வாங்கிப் படித்து, கிளினிக் போட்டு, சம்பளம் கொடுத்து நடத்துகிறவர் தன் வருமானத்தைக் காப்பாற்ற நினைப்பது இயற்கை. எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான். பிரச்சினை, போட்டியாளருக்கு விதி எழுதும் பேனாவும் அவர் கையிலேயே இருப்பது. 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத்தான் தொட்டது. நார்த் கரோலினாவில் எட்டுப் பேர் கொண்ட பல் மருத்துவ வாரியத்தில் ஆறு பேர் பல் டாக்டர்கள். கடைகளில் பல்லை வெண்மையாக்கும் சேவை நடத்தியவர்களை அந்த வாரியம் கடிதம் போட்டு மிரட்டி விரட்டியது. தொழிலில் இருக்கிறவர்களே ஆளும் வாரியத்தை அரசு உண்மையாகக் கண்காணிக்காவிட்டால், அரசு அமைப்பு என்ற போர்வை அதற்குக் கிடைக்காது என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் கதவைத் திறந்துவிட்டால் போதும், எல்லாப் பிள்ளைக்கும் பல் சுத்தமாகிவிடும் என்று நினைப்பதும் ஏமாளித்தனம். கொலராடோ மாநிலம் 1980களின் பிற்பாதியிலேயே ஹைஜீனிஸ்ட் தனியாகத் தொழில் செய்யலாம் என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவில் அதுதான் முதல். டாக்டர்கள் பயந்த மாதிரி ஹைஜீனிஸ்ட்டுகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போய்க் கடை போட்டார்களா? இல்லவே இல்லை. விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் போனார்கள். காரணம் எளிது. நாற்காலி, எக்ஸ்ரே இயந்திரம், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், வாடகை... யாரிடம் அவ்வளவு பணம்? அதையும் போட்டுத் திறந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பில்லில் டாக்டர் பெயரைத் தேடும். வேலை செய்ய உரிமை கொடுத்துவிட்டு கூலி கேட்க உரிமை கொடுக்காத கதை. மெய்ன் மாநிலம் 2008-ல் தனித்து இயங்கும் ஹைஜீனிஸ்ட் என்று ஒரு லைசென்ஸையே உருவாக்கியது. இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதாவது ஓர் இடத்தில், ஏதாவது ஒரு நிபந்தனையோடு, டாக்டர் முன்பே பார்க்காத நோயாளியை ஹைஜீனிஸ்ட் தொடலாம். ஆனால் மெடிகெய்டு நேரடியாகப் பணம் கொடுப்பது அத்தனை மாநிலங்களிலும் இல்லை.

மற்ற நாடுகளும் தட்டுத் தடுமாறித்தான் போயிருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் 2007 முதல் டாக்டர் உத்தரவு இல்லாமல் ஹைஜீனிஸ்ட்டே சுத்தம் செய்ய ஆரம்பிக்கலாம். நெதர்லாந்தில் 2006 முதல் மக்கள் நேராக ஹைஜீனிஸ்ட்டிடம் போகலாம். அங்கே அது நான்கு வருடப் பட்டப்படிப்பு. பிரிட்டனில் 2013 மே மாதம் நேரடி அனுமதி வந்தது. வந்ததும் ஒரு சிக்கல் முளைத்தது. ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுரண்ட வேண்டுமானால் மரத்துப்போக ஊசி போட வேண்டும். ஊசி போட ஹைஜீனிஸ்ட்டுக்குத் தெரியும், ஆனால் மருந்துச் சட்டப்படி டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும்! இந்த ஒரு வரியைத் திருத்த 2024 ஜூன் வரை ஆனது. பதினோரு வருடம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? டாக்டர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதே தப்பான கேள்வி. டாக்டர் முன்னால் நிற்க வேண்டுமா, பின்னால் நிற்க வேண்டுமா என்பதுதான் சரியான கேள்வி. முன்னால் நின்றால், டாக்டர் கிடைக்காதவருக்குச் சுத்தமும் கிடைக்காது. பின்னால் நின்றால், முதலில் ஹைஜீனிஸ்ட் பார்ப்பார், சந்தேகமானதை டாக்டரிடம் அனுப்புவார். சந்தேகம் வந்தால் அனுப்பியே ஆக வேண்டும் என்பதைச் சட்டத்தில் கடுமையாக எழுதலாம், அனுப்பாதவரின் லைசென்ஸைப் பறிக்கலாம். சுத்தம் செய்ததற்கும் முழுப் பரிசோதனைக்கும் வித்தியாசம் உண்டு என்று நோயாளியிடம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம். நகரத்து மாலில் பணக்காரர்களுக்காகக் கடை போடும் ஹைஜீனிஸ்ட்டைப் பற்றி வேண்டுமானால் இன்னும் பத்து வருடம் சண்டை போட்டுக்கொள்ளட்டும். பள்ளிக்கூடமும் முதியோர் இல்லமும் காத்திருக்க முடியாது.

கலிஃபோர்னியாவில் அந்தச் சோதனை நின்றுபோனாலும், அதன் வழியாக 1990களின் இறுதியில் ஒரு தனி வகை ஹைஜீனிஸ்ட் லைசென்ஸ் வந்தது. பள்ளிகள், முதியோர் இல்லங்கள், வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களின் வீடுகள், பல் டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊர்கள் ஆகிய இடங்களில் அவர்கள் சொந்தமாகத் தொழில் செய்யலாம். நோயாளிகளை அனுப்பிவைக்க ஒரு பல் டாக்டரோடு ஏற்பாடு இருக்கிறது என்று காட்டினால்தான் லைசென்ஸ். பக்கவாதம் வந்து படுத்திருக்கிற எண்பது வயதுக்காரர் தானாகப் பல் தேய்க்க மாட்டார். தேய்த்துவிட அங்கே உள்ள ஆட்களுக்கு நேரம் இருக்காது. வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோவது குடும்பத்துக்கு ஒரு நாள் வேலை, அவருக்கு ஒரு நாள் வேதனை. மடக்கி எடுத்துப் போகிற கருவிகளோடு ஒரு ஹைஜீனிஸ்ட் கட்டிலுக்கே வந்து, தலையணையைச் சரிசெய்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்ப்பார். உடைந்த பல் ஒன்று கண்ணில் பட்டால் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.